வாசலில் பஸ்

“கதவைத் திறந்தா பஸ்ஸு. இதைவிட என்னங்க வேணும்?” என்றார் வீட்டுத் தரகர் வல்லரசு, வாசலில் நின்று கையை அகல விரித்தபடி.

எதிர்த் திடலில் வேலூர், சென்னை, விழுப்புரம் என்று பஸ்கள் வரிசை கட்டி நின்றன. வீடு பார்க்க வந்த இனியா அவற்றையே வெறித்துப் பார்த்தாள். அசந்துவிட்டாள் என்று வல்லரசு எண்ணிக்கொண்டார்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியே போடும் தற்காலிக பஸ் நிலையங்களில் ஒன்று இந்தத் திடல். மறுநாள் எல்லாம் காலியாகிவிடும். அப்புறம் அடுத்த பௌர்ணமி வரை இந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோகூட எட்டிப் பார்க்காது.

அதனால்தான் வேங்கிக்காலைத் தாண்டி உள்ளடங்கியிருந்த இந்தப் புது வீடு, வாடகை கம்மியாக இருந்தும் கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. “இன்னைக்கு ஆள் புடிக்கலன்னா என் வீடு அத்தனைக்கும் வேற புரோக்கரைப் பாத்துக்கறேன்” என்று உரிமையாளர் ஆதிராஜ் காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தார். வல்லரசுவின் பிழைப்பே ஆதிராஜ் வீடுகளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இனியாவோ ஊருக்குப் புதியவள். எந்தத் திடலில் எந்த நாளில் பஸ் நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

“தினமும் இப்படித்தானா?” என்று கேட்டாள்.

“தினமுந்தாங்க. உங்க வீட்டுக்காரரு இங்க ஏறினா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இறங்கிடலாம். நீங்க இப்ப இருக்கற ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரங்க வந்து வாடகைய ஏத்தி வுட்டுட்டாங்க. அங்க ஒரு ரூமுக்குக் குடுக்கறதுல இங்க முழு வீடே கிடைக்குது.”

இனியாவின் போன் அடித்தது. “சாவி பக்கத்து வீட்டுல குடுத்திருக்கேன் சித்தி, வாங்கிக்குங்க. ரசம் மட்டும்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

வல்லரசு அவளை ஹாலுக்கு அழைத்துப் போனார். “எவ்ளோ பெரிசு பாருங்க. தாராளமா இருபது பேர் படுக்கலாம்.”

அவள் முகம் வாடிப்போனது.

“பத்தாதா? வீட்ல எத்தனை பேருங்க?”

“நானும் அவரும்தான். இந்த வீடு வேணாங்க.”

வல்லரசுவுக்கு ஆதிராஜின் முகம் கண்முன் வந்து போனது. “ஏங்க, வாடகை ஜாஸ்தின்னு நினைக்கிறீங்களா? பேசிக் கம்மி பண்ணலாங்க.”

“வாடகை பரவாயில்லைங்க. நான் பஸ் வராத வீடாத்தான் தேடறேன்.”

அமைதியை விரும்புகிற பெண் போலிருக்கிறது என்று நினைத்ததும் வல்லரசுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தரகு வேலைக்கு வந்த பிறகு உண்மையைச் சொல்லியே ஒரு வீட்டை முடிக்கும் பாக்கியம் இன்றுதான் வாய்த்திருக்கிறது. விடுவாரா?

“இதை முதல்லியே சொல்லியிருக்கலாமே. நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. நாளைக்கு வந்து பாருங்க, இங்க காக்காகூடக் கத்தாது. பஸ் ஏறணும்னா மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும். ஆட்டோக்காரனைக் கூப்பிட்டா வரமாட்டேன்னு போனையே வெச்சுடுவான்.”

இனியாவின் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. “நெசமாவா? அப்போ இந்த பஸ்ஸெல்லாம்?”

“கிரிவலத்துக்கு வுட்டதுங்க. பௌர்ணமிக்கு மட்டும்தான் வரும்.”

இனியா பெருமூச்சு விட்டாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எங்க சொந்தக்காரங்களும் பௌர்ணமிக்கு மட்டும்தாங்க வருவாங்க.”