கம்பிச் சுருள் இல்லாத புத்தகம்

“சிடி ஒட்டின புத்தகம் வேண்டாம், ஃபெர்கஸ். கம்பிச் சுருள் போட்டதும் வேண்டாம். வேற இருந்தா காட்டு.”

ஃபெர்கஸ் கையில் எடுத்த புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்தார். எனிஸ் ஊரில் இசைக்கருவிக் கடை போட்ட நாளிலிருந்து எத்தனையோ பேருக்குப் பைப் என்கிற பை வாத்தியம் பழகப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு நிபந்தனையை யாரும் போட்டதில்லை.

ஆனால் கேட்பவள் யூனா. பள்ளியில் ஒன்றாகப் படித்தவள். அவளுடைய ஒரே மகன் டீர்னன் இவரிடம்தான் பைப் பழகினான். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் அவன் வந்தானா என்று கேட்கத் தொடங்கியிருந்த நேரம். முந்தின வருடக் குளிர்காலத்தில், சைக்கிளில் வீடு திரும்பும்போது கார் மோதிப் போய்விட்டான். அடக்கத்தன்று தேவாலயத்தில் வாசித்தவர் ஃபெர்கஸ். அதற்குப் பிறகு யூனா இந்தக் கடைப் படி ஏறியது இன்றுதான்.

வந்தவள், டீர்னன் சின்ன வயதில் பழகிய செட்டை எடுத்து வந்திருந்தாள். துருத்தி, பை, குழல் மட்டும் கொண்ட, புதிதாகப் பழகுபவர்களுக்கான செட். சீவாளி காய்ந்துவிட்டது, மாற்றித் தர வேண்டும் என்றாள். அப்புறம்தான் புத்தகம் கேட்டாள்.

“உனக்கா?” என்றார் ஃபெர்கஸ். அப்படி இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

“எனக்கில்ல. ஒரு பையனுக்கு. டீர்னன் வயசுதான். லிமரிக்ல இருக்கான்.”

லிமரிக்கில் யூனாவின் தங்கை குடும்பம் இருப்பது அவருக்குத் தெரியும். தங்கை மகன்களில் யாராவது ஒருவனாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

புத்தகம் மட்டும் போதாது என்று அவர் எடுத்துச் சொன்னார். இந்தக் கருவியில் வாய்க்கு வேலையே இல்லை. வலது கை துருத்தியை அசைக்க வேண்டும், இடது முழங்கை பையை அழுத்த வேண்டும். விரல் பழகுவதற்கு முன்னால் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இதையெல்லாம் காகிதம் காட்டாது, காதால் கேட்டுத்தான் வர வேண்டும், அதனால்தான் சிடி. அதுவும் வேண்டாமென்றால் ஒரு வாத்தியாரிடம் அனுப்பு, லிமரிக்கில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

யூனா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். “இருக்கிற இடத்தை விட்டு இப்போதைக்கு அவனால வர முடியாது. அங்க சிடி போட்டுக் கேக்கவும் வழியில்ல. பைப்பை உள்ள விடறதுக்கே நான் எத்தனையோ பேர்கிட்டக் கேட்டுப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்.”

ஃபெர்கஸுக்கு இப்போது விளங்கியது. ஆஸ்பத்திரி. குரலைத் தாழ்த்தி, ரொம்ப நாள் ஆகுமா என்று விசாரித்தார். ஆகும் என்றாள். மேற்கொண்டு கேட்காமல் அலமாரிப் பக்கம் போனார்.

முதலில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார், தானே வேண்டாமென்று ஒதுக்கினார். “இது வாசிக்கத் தெரிஞ்சவன் வீட்டுல அடுக்கி வெக்க வாங்கறது.” அடுத்தது வண்ணப்படம் நிறைந்தது. “படத்துல இவன் சிரிக்கறான் பாரு. ஆரம்பத்துல எவனும் சிரிக்க மாட்டான். வாத்து கழுத்தைப் பிடிச்சு நெரிச்ச மாதிரிதான் சத்தம் வரும்.”

யூனா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். “டீர்னன் பழகின சத்தம் தாங்காம எங்க வீட்டு நாய் கொட்டகைக்குக் குடிபோன கதை எனக்குத் தெரியாதா?”

கடைசியாக ஒல்லியாக ஒரு புத்தகம் வந்தது. பாதி தாண்டும்வரை அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. எப்படி உட்காருவது, எப்படிப் பையை நிரப்புவது, ஒரே ஒரு ஸ்வரத்தை எப்படி ஆடாமல் நிறுத்துவது, இவ்வளவுதான்.

“இருக்கறதுலயே குறைச்சலாப் பொய் சொல்ற புத்தகம் இதுதான்” என்றார்.

யூனா நடுப்பக்கத்தை விரித்து, நூல் தையல்தானா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“படுத்திருக்கறவனுக்கு எப்படி இந்த ஆசை வந்துச்சு?” என்றார் ஃபெர்கஸ்.

யூனா புத்தகத்தை மூடினாள். “போன மாசம் பார்க்கப் போயிருந்தேன். டீர்னன் வாசிச்சா எப்படி இருக்கும்னு கேட்டான். இந்தப் பையன் டீர்னன் வாசிப்பை ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. எனக்கு வாயால சொல்லத் தெரியல.”

“பதிவு பண்ணினது உன் போன்ல இருக்குமே. அடுத்த தடவை கேட்க வைக்க வழி பாரு.”

“கேட்டாப் போதாது, ஃபெர்கஸ்.” அவள் கை பைப்பின் பழைய தோல் பையின்மேல் இருந்தது. “ஒரு ஸ்வரம் ஆடாம நிக்கறதுக்கு என் பிள்ளை எவ்வளவு பாடுபட்டான்னு அவன் கைக்குத் தெரியணும்.”

ஃபெர்கஸ் பட்டறை மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். புதுச் சீவாளியைப் பொருத்தி, துருத்தியை இடுக்கிக்கொண்டு வாசித்துப் பார்த்தார். அந்தக் குழலின் குரல் மாறவே இல்லை. யூனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தபின், தான் கையால் சீவி வைத்திருந்த இன்னொரு சீவாளியைச் சின்ன டப்பியில் போட்டு நீட்டினார்.

“இது விக்கறதுக்கு இல்ல. என் பேரைச் சொல்லி அவன்கிட்டக் குடு. உடம்பு தேறினதும் நேரா என் செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லு. டீர்னன் உட்கார்ந்த நாற்காலியில நான் இன்னும் யாரையும் உட்கார வைக்கல. இவன் உட்காரட்டும். நானே சொல்லித் தர்றேன்.”

யூனா வாசல்வரை போனாள். கதவைத் திறந்தவள், திரும்பி வந்து டப்பியை மேசைமேல் வைத்தாள்.

“தெரியாம வாக்குக் குடுக்காதே. அவன் ஆஸ்பத்திரியில இல்ல, ஃபெர்கஸ், ஜெயில்ல இருக்கான். டீர்னன் மேல காரை ஏத்தினவன் அவன்தான்.”