என்ஜின் சூடாக இருந்தது

கொட்டகையில் நின்ற லாரியின் என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்த டெல்மர் சட்டென்று எடுத்தார்.

"சூடா இருக்கே!"

துணைக்குப் போயிருந்த எனக்குச் சுருக்கென்றது. பழைய லாரி என்ஜின் வாங்கப் போகிறவன் முதலில் தொட்டுத்தான் பார்ப்பான். ஆறிக் கிடப்பது ஒரே முடுக்கில் கிளம்பினால் நல்ல சரக்கு. ஆள் வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், ஏதோ கோளாறை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

லியோட்டா அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். தீவன லாரி ஓட்டிய கணவர் வெண்டல் இறந்து இரண்டு வருஷம். லாரியை விற்க விளம்பரம் கொடுத்தது மகன் கர்டிஸ்.

"வாங்க வர்ற அன்னைக்கா ஸ்டார்ட் பண்ணுவ?" என்று அம்மாவிடம் பல்லைக் கடித்தான்.

"காலையில லேசா..." என்று இழுத்தார்.

இந்த மாடலுக்காகப் பதினோரு வருஷம் இந்தியானா முழுக்க அலைந்தவர் டெல்மர். பிரித்து, புது பிஸ்டன் போட்டு, இரட்டை டர்போ மாட்டி, ஆகஸ்ட் திருவிழாவில் பாரம் இழுக்கும் போட்டியில் ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும். வயசு அறுபத்தெட்டு. கனவில்கூட இதன் உறுமல்தான் கேட்கிறது என்பார். கேட்கவே பாவமாக இருக்கும்.

குனிந்து, பக்கவாட்டில் வார்த்திருந்த நம்பரைத் துடைத்துப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார்.

"அம்பத்து மூணு," என்றார். "இந்த வரிசை என்ஜின் பிளாக் விரிசல் விடும் தம்பி. எவனும் சீந்த மாட்டான். இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

கர்டிஸ் முகம் தொங்கிப்போனது. போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

நானும் நம்பரைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்றே இல்லை!

"யோவ், பலே ஆளுய்யா நீ!" பிக்கப்பில் ஏறியதும் சொன்னேன். "ஒரு மாசம் கழிச்சு வந்து இரும்பு விலைக்கு அமுக்கப் போற, அதானே?"

டெல்மர் கண்ணாடி வழியே கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

அதற்குள் லியோட்டா அம்மாள் மூச்சிரைக்க வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நம்பர் அம்பத்து மூணு இல்லைங்க. வெண்டல் எனக்குக் காட்டியிருக்கார்."

மாட்டினோம் என்று நினைத்தேன்.

டெல்மர் மெல்லக் கேட்டார். "சுவரெல்லாம் புதுப் புகைக்கரி. தினமும் ஓட விடறீங்களாம்மா?"

"ஏழு மணிக்கு. அவர் வேலைக்குக் கிளம்பற நேரம். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காபி இறங்குது. பையன்கிட்ட சொன்னா சிரிப்பான்."

மகன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்து எவனாவது பார்க்க வந்தா உங்களுக்குப் போன் பண்றேன். வந்து இதே பொய்யை இன்னொரு தடவை சொல்லிட்டுப் போறீங்களா?"