எண்பது பேர் பேண்டு

சொந்தத் தம்பி எடுத்து நடத்தும் திருவிழாவுக்கு அண்ணன் வரவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு பாவம் கிடையாது.

"கூடப் பொறந்தவன் உசந்தா வயிறு எரியுது. வேறென்ன?" என்றாள் பீர் விற்கும் எவுஃபேமியா. சுற்றி நின்ற பெண்கள் தொப்பி சரியச் சரியத் தலையாட்டினார்கள்.

அண்ணன் பெயர் செவெரோ. ஊர் பேண்டின் தலைவர். பெரிய டிரம் அவர் கையில்தான். அவர் அடித்தால் ஏரிக்கு அந்தப் பக்கம், பெரு நாட்டில், லாமா குறைமாதத்தில் குட்டி போடும் என்பார்கள். அதில் இரண்டு குட்டியை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் புகழெல்லாம் தம்பி நிகனோர் வந்து இறங்கும்வரைதான். புவெனஸ் அயர்ஸில் தையல் கூடம் வைத்துச் சம்பாதித்து, இருபது வருஷம் கழித்துத் திரும்பினான். இந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு அவன்தான் பிரெஸ்தே. சாப்பாடு, பீர், பேண்டு எல்லாம் அவன் பொறுப்பு. நன்றாக நடந்தால் பேர் அவனுக்கு. நடக்காவிட்டால் ஊர் சிரிப்பதும் அவனைப் பார்த்துத்தான்.

பேண்டு எப்படி வாசித்தது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். போன வருஷ பிரெஸ்தே தெமெத்ரியோ எழுபது பேரை நிறுத்திக் காட்டியிருந்தார். அதில் ஒரு தலை குறைந்தாலும் நிகனோர் மறுபடி ஊருக்குள் கால் வைக்க முடியாது.

ஒருரோ நகரத்துக்குப் போய்ப் பெரிய பேண்டாகப் பேசி வரலாம் என்று நிகனோர் கிளம்பிய அன்று, செவெரோ வாசலில் வந்து நின்றார். நம்ம பேண்டு இருக்கிறது, மாதாவுக்காகச் சும்மாவே வாசிக்கிறோம் என்றார்.

"மொத்தம் எத்தனை பேர்ணே?"

"பதினெட்டு."

நிகனோர் சிரித்தான். "என் கூடத்துல பட்டன் தைக்கிறவங்களே அதைவிட ஜாஸ்தி."

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தோம். செவெரோ திரும்பிப் போய்விட்டார்.

எண்பது பேருக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தான் நிகனோர். ஊர் வாயைப் பிளந்தது. தெமெத்ரியோ மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒருரோவிலிருந்து போன் வந்தது. அதே தேதியில் வேறு ஒரு ஊர்வலத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்களாம். ஆள் குறையுமாம். நிகனோர் கடை எரிந்தவன் மாதிரி திண்டாடிப்போனான். அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தான்.

திரும்பியவன் எல்லாரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னான். ஒருரோக்காரர்களைப் போனிலேயே கிழித்துத் தொங்கப் போட்டு வழிக்குக் கொண்டுவந்துவிட்டானாம். அண்ணனைத்தான் வழிக்குக் கொண்டுவர முடியவில்லையாம். விருந்துக்காவது வாங்க என்று காலில் விழாத குறையாகக் கூப்பிட்டும், முடியாது என்றுவிட்டாராம்.

திருவிழா அன்று காலை பேண்டு வந்து இறங்கியது. ஒரே நீல நிறக் கோட்டு, ஒரே தொப்பி, ஒரே கறுப்புக் கண்ணாடி. எண்பது போலீஸ்காரர்களை ஒரே அச்சில் வார்த்து நிறுத்தியது போல இருந்தது. தெமெத்ரியோ ஒரு தலைக்கு ஒரு சோளமணியாகப் பையில் போட்டு எண்ணினார். எண்பது. நம்பாமல் மறுபடி எண்ணினார். அப்போதும் எண்பதுதான்.

டிரம்மில் முதல் அடி விழுந்ததும் கோயில் மணி தானாக ஒரு தடவை அடித்தது.

"ஒருரோக்காரன் அடின்னா அடி" என்றார் தெமெத்ரியோ, தோற்றவர் குரலில். "நம்ம செவெரோவும் அடிக்கிறாரே. தூங்குற கோழிகூட எழுந்திருக்காது."

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தி. ஊர் பேண்டுக்காரர்களில் ஒருத்தர்கூட வரவில்லை. நிகனோர் மைக்கைக் கையில் வாங்கினான். எடுத்த எடுப்பில் குரல் உடைந்தது.

"எல்லாரும் வந்தீங்க. சந்தோஷம். என் ரத்தம் மட்டும் வரல. அவர் வரலேன்னாகூடப் பரவாயில்ல, அவர்கூட வாசிக்கிற பதினேழு பேரையும் தடுத்துட்டார். நான் வளர்றது எங்கண்ணனுக்குப் பிடிக்கல. மாதா பாத்துக்கட்டும்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. எவுஃபேமியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் செவெரோ வீட்டுக் கல்யாணத்துக்கும் போவதில்லை, சாவுக்கும் போவதில்லை என்று அங்கேயே நாலு பேர் முடிவு கட்டினார்கள். அதில் நானும் ஒருத்தன்.

அடுத்து, பிரெஸ்தே தன் கையால் பேண்டுக்குப் பீர் கொடுக்க வேண்டும். அது முறை. முதல் குவளை பெரிய டிரம் அடிப்பவருக்கு. நிகனோர் முன்னால் போனான், பீர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

டிரம்காரர் குவளையை வாங்கி, முதலில் பூமித்தாய்க்கு ஒரு சொட்டு ஊற்றினார். மீதியை ஒரே மடக்கில் குடித்தார். நிகனோர் கட்டிப்பிடிப்பது போல அவர் தோளில் கையைப் போட்டான். கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் அவன் காதோடு சொன்னது, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"தொப்பியை இன்னும் கொஞ்சம் எறக்கி விடுண்ணே. ஊர்வலம் முடியிற வரைக்கும் நம்ம ஆளுங்க எவனும் கண்ணாடியக் கழட்டக் கூடாது."