எடை மெஷின் சொன்ன பொய்

இந்தக் காலத்தில் யாரும் மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மெஷினைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் அப்படித்தான். என் மருமகளை எடை மெஷின்மேல் ஏற்றினாள். குனிந்து பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

போன மாதம் காட்டிய எடையேதான். வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிறது, கையும் காலும் குச்சி.

இப்படியே போனால் பிள்ளை நோஞ்சானாகப் பிறக்கும், தாய்க்கும் ஆபத்து என்றாள். மகன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். இவளை என்னை நம்பித்தான் விட்டுப் போயிருக்கிறான்.

நர்ஸம்மா சொன்னதைத்தானே செய்தேன்? டப்பா மாவெல்லாம் வேண்டாம், பக்கத்தில் விளைவதே போதும், முட்டை, வேர்க்கடலை, பருப்பு, கீரை கொடுங்கள் என்றாள். பொறுக்கிப் பார்த்து வாங்கினேன். நானே அவித்தேன்.

எனக்குக் கஞ்சி போதும். பல்லும் இல்லை, இருமல் வந்ததிலிருந்து நாக்கில் ருசியும் இல்லை. மற்றதெல்லாம் உனக்குத்தான், மீதி வைக்கக் கூடாது என்று மருமகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

தட்டு காலியாகத்தான் வரும். அப்புறம் அதெல்லாம் எங்கே போகிறது?

"மெஷின் செத்துப்போச்சும்மா. காலமெல்லாம் மூட்டை தூக்கினவன் நான். எடை எனக்குத் தெரியாதா?" என்றேன்.

நர்ஸம்மா சிரித்தாள். "அப்ப நீங்களே ஏறுங்க பெரியவரே. போன மாசம் இருமலோட வந்தப்ப உங்களையும் இதுலதானே எடை பார்த்தோம்."

ஏறினேன்.

மூன்று கிலோ கூடியிருந்தது.

கஞ்சி குடிக்கிற கிழவனுக்கு மூன்று கிலோ. நான் சொன்னது சரியாகப் போயிற்றா, இல்லையா?

நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வெறுங்கஞ்சியோட உக்காந்திருந்தா எனக்கு எப்படி மாமா இறங்கும்? முட்டையையும் கடலையையும் மசிச்சு உங்க கஞ்சியிலதான் கலந்தேன்."

இனி இரண்டு பேருக்கும் சேர்த்து அவியுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றாள் நர்ஸம்மா.

கஞ்சிக்குள் முட்டை கிடந்தால் எனக்குத் தெரியாமலா போகும்? மெஷினைக் காப்பாற்ற இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு கதை விடுகிறார்கள்.

மருமகளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். எதிரில் அரிசி மண்டி இருக்கிறது. அந்தத் தராசில் ஏறிப் பார்த்தால்தான் நம்புவேன்.

போன மாதம் படியில் நடுங்கிய முழங்கால் இன்று இறங்கும்போது நடுங்கவில்லை. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.