அரிசி டிரம்முக்குள் பாஸ்போர்ட்

"விடு என்னை! தொழிலாளியோட பாஸ்போர்ட்ட அடுத்தவங்க ஒளிச்சு வைக்கக் கூடாது!"

"கத்துனா இன்னும் ரெண்டு படி அரிசியக் கொட்டுவேன், பாத்துக்க!"

கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் ஓடி வந்தேன். நாளைக்கு எனக்கு ஷார்ஜா விமானம். முதலாளி பிடுங்கி வைத்தால் சத்தம் போடட்டும் என்றுதான் அரசாங்கத்தில் பேசும் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். அதை என் மனைவி செல்வராணி அரிசிக்குள் புதைத்துவிட்டாள்.

"இந்தத் தடவை போகாதீங்கங்க" என்று டிரம் மூடிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குள் தொழிலாளர் உதவி மையத்திலிருந்து போன். "பாஸ்போர்ட் புகார் பண்ணிருக்கு சார். உங்களப் போகவிடாம யாராச்சும் புடிச்சு வச்சிருக்காங்களா?"

ஆமாம் என்றால் பாஸ்போர்ட்டை மீட்டுத் தந்துவிடுவார்கள்; இல்லை என்றால் அது அரிசிக்குள்ளேயே கிடக்கும், நான் செல்வராணியோடு இருந்துவிடலாம். எனக்கோ இல்லை என்றுதான் வாயில் வருகிறது. அவர் லைனில் காத்திருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, நான் என்ன சொல்லட்டும்? சீக்கிரம் பதில் போடுங்கள்.