ஏற்றத்தில் நின்ற வண்டி

"போலீசுக்கு வண்டி ஓட்டினவனுக்கு இங்க சாய இல்ல. எழும்பிப் போ."

குன்னத்துகால் சந்தையில் டீக்கடை பொன்னப்பன் இப்படிச் சொன்னான். பஸ் டிரைவர் நேசையன் எழுந்து வெளியே வந்தான்.

1954 பங்குனி. மலையாள ஆட்சியிலிருந்து பிரிந்து தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று எல்லைக் கிராமமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். போன சனிக்கிழமை சந்தையில் தடையை மீறிக் கூட்டம் போட்டார்கள். அதைக் கலைக்க நெய்யாற்றின்கரையிலிருந்து துப்பாக்கியோடு போலீஸ் வந்தது. அவர்கள் ஏறி வந்த பஸ்ஸை ஓட்டியவன் நேசையன்.

வண்டி வந்து சேர்வதற்குள் கூட்டம் முடிந்து, சனங்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் துரோகி என்ற பெயர் அவனை விடவில்லை.

ஊர் ஏசினால் ஏசட்டும். மனைவி சுகிர்தபாய் முகம் கொடுத்துப் பேசாததுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவளும் அன்று கூட்டத்தில் இருந்தவள். நடந்ததைச் சொல்லிப் பார்த்தான். செய்ததையும் செய்துவிட்டுக் கதை வேறா என்று கேட்டாள்.

தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரும் அவளும் நம்புவார்கள். நேசையன் நேராகச் சத்தியதாஸ் வீட்டுக்குப் போனான். கூட்டத்தை நடத்தியவர் அவர். துரோகி என்று மறுநாள் மைக்கில் முதலில் சொன்னவரும் அவர்தான்.

அவர் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

முதலாளியிடம் இரண்டு பஸ். போலீஸ் கேட்டது புது டீசல் வண்டியை. எந்த வெயிலிலும் அது நிற்காது. அதில் பிரேக் சரியில்லை என்று பொய் சொல்லிப் பழைய பெட்ரோல் வண்டியை எடுத்தான். உச்சிவெயிலில் அந்த வண்டி ஏற்றம் ஏறினால், எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். வண்டி நின்றுபோகும். அவன் நினைத்தபடியே நின்றது.

"நனைச்ச துணிய பைப்பில சுத்தினா கொஞ்ச நேரத்தில கிளம்பீரும், அண்ணே. நான் தோளில கெடந்த துவர்த்த நனைச்சு எனக்க தலையில போட்டுட்டு நின்னேன். இன்ஸ்பெக்டரு பிடரியில அடிச்சாரு. அப்பவும் சொல்லல்ல."

சத்தியதாஸ் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"அப்ப நீயாக்கும் காரியத்தக் கெடுத்தது."

நேசையனுக்கு விளங்கவில்லை.

"நாலு பேரு குண்டு பட்டு விழுந்திருந்தா டெல்லி திரும்பிப் பாத்திருக்கும்லே. கூட்டம் நடக்குன்னு போலீசுக்கு ஆளு விட்டுச் சொன்னதே நானாக்கும். வெளிய போய்ச் சொல்லிப் பாரு, துரோகி பேச்ச யாரு நம்புவான்னு பாப்போம்."

நேசையன் ஓரடி முன்னால் வந்தான்.

"எனக்க பெண்டாட்டி முன்வரிசையில இருந்தா, அண்ணே."

"தெரியும். பெண்ணுங்கள முன்னால இருத்தினதும் நான்தான்."