ஒருவரும் விலகாத வகுப்பு

சுனேமாவின் கட்டத்தில் அன்று இலைகள் இல்லை. ஒரு முகம் இருந்தது.

அனாசெய்னி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்தப் பருவம் முழுக்க இணைய வகுப்பில் அந்த மாணவியின் கட்டத்தில் அவள் பார்த்ததெல்லாம் சீமைப்பலா இலைகளும், நடுவே கொஞ்சம் வானமும்தான். சுனேமாவின் ஊரான நியுதாவ் தீவில் போனை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டால்தான் சிக்னல் கிடைக்கும். கீழேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும்.

இன்று விழா. எல்லோரும் முகம் காட்ட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தார்கள்.

பல்கலைக்கழகம் இருக்கும் சுவாவில் மழை. மண்டபத்தின் உயரமான ஜன்னல்களில் தண்ணீர் வழிந்தது. உள்ளே வெளிச்சம் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. கடலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. மேடைத் திரையில் தீவு தீவாக அவளுடைய மாணவர்கள். யாரோ வாய் திறந்து சிரிக்கிறார்கள்; சிரிப்புச் சத்தம் தூரத்திலிருந்து நீந்தி வந்ததுபோல் மெல்லப் பின்னால் வருகிறது.

இணையவழிக் கற்பித்தலில் சிறந்தவருக்கான விருது இந்த வருடம் அனாசெய்னிக்கு. கடல் நீரோட்டங்கள்தான் அவளுடைய பாடம். மற்ற இணைய வகுப்புகளில் பாதிப் பேர் பாதியிலேயே கரைந்துபோவார்கள். அவள் வகுப்பில் ஒருவர்கூட விலகவில்லை.

எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டாள். கட்டுரை தராதவர்களையும் விரட்டமாட்டாள். சுனேமா ஒன்றுகூடத் தரவில்லை.

கட்டத்தில் தெரிந்த முகத்துக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தலையில் பூவளையம்.

“சுனேமா எங்கேங்க?” என்றாள் அனாசெய்னி.

உதடுகள் அசைந்து, ஓய்ந்து, அதன்பிறகுதான் குரல் வந்தது. பருவம் முழுக்கக் கேட்ட அதே குரல்.

“நான் அவ அம்மா, பசேபா. அவ மொத வாரமே ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போயிட்டா டீச்சர். கோவிச்சுக்காதீங்க.”

மகள் விட்டுப்போன போன் அது. முதல் வகுப்பில் அதிலிருந்து மகளின் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கூப்பிட்ட குரல் காத்துக்கொண்டே இருந்தது. பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று, பசேபாவே இருக்கேன் என்றாளாம். உடனே போனை அவிழ்த்துவிடத்தான் எழுந்தாளாம். அப்போது டீச்சர், இந்தத் தீவுகளைத் தொட்டு மேற்கே போகும் நீர் கடைசியில் திரும்பி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கரையிலதான் ஒரு வாழத்தோட்டத்துல இருக்கா. அப்புறம் எப்படி டீச்சர் எந்திரிச்சுப் போறது?”

இப்போதெல்லாம் விடிந்ததும் முழங்காலளவு நீரில் போய் நிற்கிறாளாம். அதில் எதையும் மிதக்கவிடுவதில்லை. சும்மா கையை நனைத்துக்கொண்டு திரும்பி வருகிறாள்.

மழை நின்று நின்று பெய்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த சலோட்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவளும் இணைய வகுப்புதான், கணக்குப் பாடம். இருவருக்கும் ஒரே அறை, ஒரே தேநீர்க் கெண்டி.

“வாயத் தெறக்காதடி,” என்றாள் சலோட்டே. “பேசாமப் போயி வாங்கிட்டு எறங்கு. அப்புறமா உண்மை பேசி ஊரத் திருத்திக்கலாம்.”

“ஒருத்தர்கூடப் போகலன்னுதானடி குடுக்கறாங்க.”

“ஒருத்தி போனா, ஒருத்தி வந்தா. கணக்கு டீச்சர் நான் சொல்றேன், சரியாத்தான் இருக்கு.”

மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

நடந்தபோது அவளுக்குக் கால்கள் கனமாகவும் இல்லை, லேசாகவும் இல்லை. ஏதோ ஒன்று பின்னாலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டு போவதுபோல் இருந்தது. விருதுக் குழுத் தலைவர் மரத்தில் செதுக்கிய ஆமையை நீட்டினார். அவள் அதை வாங்காமல் மைக்கைப் பிடித்தாள்.

“என் வகுப்புல ஒரு பொண்ணு மொத வாரமே போயிருச்சு. எனக்கே இப்பத்தான் தெரியும். அவ எடத்துல அவங்க அம்மா உக்காந்து கடைசி வரைக்கும் பாடம் கேட்டிருக்காங்க. பசேபான்னு பேரு. அடுத்த பருவத்துல அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.”

யாரும் கைதட்டவில்லை. திரையில் பசேபா சற்று நேரம் அசையாமல் இருந்தாள். சொன்னது போய்ச் சேர்ந்ததும் பூவளையத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

தலைவர் குழுவினரோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. விதியை மாற்ற முடியாது, விருது இரண்டாவதாக வந்தவருக்குத்தான் போகும் என்றார்.

“ஒரு மார்க்குலதான் தவறிப் போச்சுன்னு காலையிலேயே அவங்ககிட்ட சொல்லியிருந்தோம்,” என்றபடி கூட்டத்தைப் பார்த்தார். “சலோட்டே, மேல வாங்க.”

அனாசெய்னி திரும்பினாள்.

சலோட்டே எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்தபடி அவளையே முறைத்துக்கொண்டிருந்தாள்.